கோழிக் கூட்டத்தைக் குறைப்பது எப்படி: பொழுதுபோக்காக இனவிருத்தி செய்பவர்களுக்கு

பெருக்குவதற்கு ஆயிரம் பேர் ஆலோசனை சொல்கிறார்கள். எந்த வெப்பநிலையில் பொரிக்கும், குஞ்சுக்கு என்ன தீவனம் என்று கேட்டால் பதில் உடனே வரும். கொட்டகை நிரம்பி வழியும்போது, எதை வைத்துக்கொள்வது, எதை அனுப்புவது, அனுப்பிய பிறகும் வம்சம் கெடாமல் எப்படி ஓட்டுவது என்று கேட்டால் "வித்துடுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தக் கட்டத்தில் நானும் நின்று திண்டாடியிருக்கிறேன். உங்களுக்கு அந்தத் திண்டாட்டம் கொஞ்சமாவது குறையட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது வணிகப் பண்ணைக்கான வழிகாட்டி இல்லை. பிடித்த ஒரு இனத்தை வீட்டளவில் வளர்த்து, வருடா வருடம் கொஞ்சம் குஞ்சு பொரித்து, அந்த இனத்தை நல்லபடி காப்பாற்ற நினைப்பவர்களுக்கானது.

1. முதலில் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்

கொட்டகைக்குள் நின்றுகொண்டு இந்த முடிவை எடுக்காதீர்கள். அங்கே நின்றால் ஒவ்வொரு கோழியும் அழகாகத்தான் தெரியும். பேனாவும் பேப்பரும் எடுத்துத் தனியாக உட்காருங்கள்.

தீவனத்திலிருந்து தொடங்கலாம். நடுத்தர உடம்புள்ள ஒரு கோழி நாளுக்கு ஏறக்குறைய 110 கிராம் தின்னும். 30 கோழி என்றால் மாதம் 100 கிலோ. 12 கோழி என்றால் 40 கிலோ. சிந்துவதும் எலி தின்பதும் இதில் சேரவில்லை. உங்கள் தீவன விலையை இதோடு பெருக்கி, முட்டையே வராத மாதங்களிலும் அந்தத் தொகையை முகம் சுளிக்காமல் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். முட்டை வரும் மாதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் எண் எப்போதும் பெரிதாகத்தான் வரும்.

அடுத்து இடம். இரவு அடையும் கொட்டகையில் ஒரு கோழிக்கு 4 சதுர அடி, வெளியே மேய அதைப்போல இரண்டு மடங்கு, உட்காரும் கம்பில் 20 முதல் 25 சென்டிமீட்டர். நாள் முழுக்க மழை பெய்து ஒன்றுகூட வெளியே போக முடியாத நிலையை மனதில் வைத்து அளந்து பாருங்கள்.

எண்ணிக்கையைக் குறைத்தால் எல்லாச் செலவும் அதே விகிதத்தில் குறையும் என்று நினைத்துவிடாதீர்கள். தீவனம் குறையும். தடுப்பூசி குறையாது. குப்பிகள் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான டோஸாகத்தான் வரும். கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். 10 குஞ்சுக்கும் அதே குப்பிதான், 100 குஞ்சுக்கும் அதே குப்பிதான். சின்னக் கூட்டம் வைத்திருப்பவர்கள் குஞ்சுகளை ஒரே தொகுதியாக, மிஞ்சினால் இரண்டு தொகுதியாகப் பொரிக்க வைப்பது நல்லது. பக்கத்தில் இன்னொரு வளர்ப்பாளர் இருந்தால் ஒரே நாளில் திட்டமிட்டுக் குப்பியைப் பகிர்ந்துகொள்ளலாம். தடுப்புக் கம்பி வலைச் செலவோ கூடவே செய்யும். ஏன் என்று மூன்றாம் படியில் வரும்.

ஓய்வு பெற்ற கோழிகளையும் இந்த எண்ணில் சேருங்கள். முட்டையை நிறுத்திவிட்ட, ஆனால் பேர் வைத்து அழைக்கும் அந்த நாலு கிழவிகளும் தீவனம் தின்கிறார்கள்தானே. "அவங்க கணக்குல வரமாட்டாங்க" என்று விட்டால் இரண்டே வருடத்தில் கொட்டகையில் பாதி அவர்கள்தான்.

2. நோட்டும் கால் வளையமும்

எந்தக் கோழி எந்தச் சேவலுக்குப் பிறந்தது என்று தெரியாமல் குறைக்க ஆரம்பித்தால், அழகானவை தங்கும், வம்சம் போய்விடும். அதனால் ஒரு கோழியைக்கூட வெளியே அனுப்புமுன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட கால் வளையம் மாட்டுங்கள். வளரும் பருவத்தில் மாட்டிய பிளாஸ்டிக் வளையத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுழற்றிப் பாருங்கள். சதைக்குள் இறங்கிவிட்டால் கால் போய்விடும். பொரித்த அன்றே அடையாளம் வேண்டுமென்றால் விரலிடைச் சவ்வில் சின்னத் துளை போடும் முறை இருக்கிறது. இரண்டு காலிலும் சேர்த்து நாலு சவ்வு. துளை போட்டது, போடாதது என்று 16 விதமாக அடையாளம் வைக்கலாம். வளையம் கழன்று விழும், துளை விழாது. நன்றாகப் பழகியவர் செய்வதை ஒருமுறை பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

நோட்டில் ஒரு கோழிக்கு ஒரு பக்கம்: வளைய எண், பொரித்த தேதி, அப்பா, அம்மா, 20 வார எடை, முதல் முட்டையிட்ட தேதி, போட்ட தடுப்பூசிகள், கொடுத்த மருந்துகள், குறைகள். அம்மா யாரென்று தெரியாவிட்டால் எந்தக் கூண்டு என்றாவது எழுதுங்கள். குறைகளுக்கு ஒரு வரி கண்டிப்பாக ஒதுக்குங்கள். "வால் ஒருபக்கம் சாய்வு", "இரண்டு தடவை சளி" என்று அப்போதே எழுதி வைத்தது, ஆறு மாதம் கழித்து அந்தக் கோழி பளபளவென்று எதிரில் நிற்கும்போதுதான் கைகொடுக்கும்.

இதோடு உள்ளாட்சி விதியையும் பார்த்துவிடுங்கள். சில இடங்களில் சேவலுக்கே தடை, சில இடங்களில் எண்ணிக்கைக்கு வரம்பு. சில நாடுகளில் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் பதிவு செய்ய வேண்டும். பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில் கோழிகளை இடம் மாற்றுவதற்கே தடை வரும். விற்பதற்கு நாள் குறித்த பிறகு இது தெரியவந்தால், அனுப்ப வேண்டிய கோழிகள் எல்லாம் இன்னும் பல வாரம் உங்கள் தீவனத்தைத்தான் தின்னும்.

3. சேவல் எத்தனை, பெட்டை எத்தனை

கூட்டத்தைக் குறைக்க வேண்டும் என்றவுடன் எல்லோரும் செய்வது ஒன்றுதான். இருப்பதிலேயே நல்ல சேவல் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பிவிட்டு, பெட்டைகளை அப்படியே வைத்துக்கொள்வது. முட்டைக்காக வளர்ப்பவருக்கு இது சரி. இனவிருத்திக்கு இது மிக மோசமான வழி.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். சேவல் எண்ணிக்கையையும் பெட்டை எண்ணிக்கையையும் பெருக்குங்கள். அதை 4-ஆல் பெருக்கி, இரண்டும் சேர்ந்த மொத்தத்தால் வகுங்கள். வரும் விடைதான், மரபு வளத்தைப் பொறுத்தவரை உங்களிடம் உண்மையில் இருக்கும் கோழிகளின் எண்ணிக்கை.

1 சேவல், 20 பெட்டை: 80-ஐ 21-ஆல் வகுத்தால் 3.8.
3 சேவல், 6 பெட்டை: 72-ஐ 9-ஆல் வகுத்தால் 8.

21 கோழிக்குத் தீவனம் போட்டு நாலு கோழியின் வளத்தைக் காப்பாற்றுகிறீர்கள். 9 கோழி வைத்திருப்பவர் எட்டைக் காப்பாற்றுகிறார். காரணம் எளிது. ஒரே சேவல் என்றால் அந்த வருடம் பொரிக்கும் அத்தனை குஞ்சுக்கும் அப்பா ஒன்றுதான். அடுத்த வருடம் அதில் எதை எதோடு சேர்த்தாலும் உடன்பிறப்புகள்தான் சேரும். தோராயமாக, முதல் வகையில் நெருங்கிய உறவுக் கலப்பு தலைமுறைக்கு 13 சதவீதம் ஏறும். இரண்டாவதில் 6 சதவீதம் சுமார்.

இது கண்ணுக்கு உடனே தெரியாது என்பதுதான் ஆபத்து. முதலில் கருக்கூடாத முட்டை கொஞ்சம் அதிகமாகும். அப்புறம் முட்டைக்குள்ளேயே சாகும் குஞ்சுகள். பிறகு பொரித்தும் எழுந்து நிற்கத் தெம்பில்லாத குஞ்சுகள். நீங்கள் இன்குபேட்டரைச் சந்தேகப்பட்டு புதிது வாங்குவீர்கள்.

ஆகவே என் சிபாரிசு: பெட்டையைக் குறையுங்கள், சேவலை மூன்றுக்குக் கீழே கொண்டுவராதீர்கள். மூன்று சேவல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு அல்லது மூன்று பெட்டை, மூன்று தனித்தனிக் குடும்பம். முடிந்தால் ஒரு உபரிச் சேவல்; நாய் பிடித்தாலோ நோய் வந்தாலோ ஒரு குடும்பமே நின்றுபோகக் கூடாது. கூட்டம் பாதியாகிறது, கூண்டு மூன்றாகிறது. முன்னால் சொன்ன கம்பி வலைச் செலவு இதுதான்.

சின்ன வயதிலிருந்து சேர்ந்து வளர்ந்த சேவல்கள், பெட்டைகள் கண்ணில் படாத இடத்தில் பெரும்பாலும் சண்டையில்லாமல் ஒன்றாக இருக்கும். ஒன்றை வெளியே எடுத்து, பெட்டைகளோடு விட்டுவிட்டு, மறுபடி அதே கூட்டத்தில் போட்டால் அன்றைக்கே ரத்தம்தான். எடுத்தால் எடுத்ததுதான்.

4. எந்த வயதில் கழிப்பது

ஒரே நாளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தரம் பிரிக்க முடியாது. வயதுக்கு ஏற்ப நாலு சல்லடை இருக்கிறது.

முதலாவது, பொரித்த முதல் வாரம். அலகு கோணல், விரிந்த கால், தொப்புள் மூடாதது. விரிந்த காலை மட்டும் உடனே டேப் போட்டுக் கட்டினால் பல சமயம் சரியாகும். ஆனாலும் நோட்டில் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, 8 முதல் 12 வாரம். சேவல் எது, பெட்டை எது என்று தெரிந்துவிடும். உபரிச் சேவல்களில் பெரும்பகுதி இங்கேயே கிளம்பிவிட வேண்டும். 20 வாரம் வரை வைத்திருந்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 8 கிலோ தீவனம் தின்றிருக்கும். அதற்குள் கூவ ஆரம்பித்திருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் பேச ஆரம்பித்திருப்பார். இனத்தின் இலக்கணத்துக்கு எட்டாதது பளிச்சென்று தெரிந்தால் தயங்க வேண்டாம். கொண்டை வடிவம், கால் நிறம், விரல் எண்ணிக்கை இவை இந்த வயதுக்குப் பிறகு திருந்தப்போவதில்லை.

மூன்றாவது, 20 வாரத்துக்குப் பிறகு. உடல்கட்டு, எடை, குணம். கனமான இனங்களுக்கு அவசரப்படாதீர்கள். அவை 30 வாரத்துக்கு மேலும் நிரம்பிக்கொண்டே இருக்கும். மெதுவாக வளர்ந்தவை கடைசியில் நன்றாக வருவதுண்டு. ஆளைப் பாய்ந்து கொத்தும் சேவல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அந்தக் குணம் ஓரளவு பிள்ளைகளுக்கும் இறங்கும்.

நாலாவது, முதல் இறகு உதிர்வு முடிந்த பிறகு. இரண்டாம் வருடத்துக்குள் நோயில்லாமல் நுழைந்த பெட்டைதான் இனவிருத்திக்கு நம்பகமான பெட்டை. முட்டை கொஞ்சம் குறையும், ஆனால் பெரிதாக வரும், குஞ்சும் வலுவாக இருக்கும். வயதானது என்று இவற்றை முதலில் விற்றுவிட்டு இளசுகளை வைத்துக்கொள்வது, சோதித்துப் பார்த்ததைக் கொடுத்துவிட்டுச் சோதிக்காததை வைத்துக்கொள்வது.

5. பெட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள்

முட்டையிடாத பெட்டை எது என்பதைக் கண்ணால் மட்டும் சொல்ல முடியாது. இரவில் கம்பில் இருக்கும்போது எடுத்தால் கலவரம் இருக்காது. இடுப்பெலும்பின் இரண்டு நுனிகளுக்கு நடுவே விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடமிருந்து, முட்டைத் துவாரம் அகன்று ஈரமாக இருந்தால் முட்டையிடுகிறது. ஒரு விரல்கூட நுழையாமல், துவாரம் சுருங்கி உலர்ந்திருந்தால் இல்லை. மஞ்சள் தோல் உள்ள இனங்களில் இன்னொரு அடையாளம் உண்டு. முட்டையிட இட மஞ்சள் நிறம் வெளுத்துக்கொண்டே போகும். முதலில் துவாரம், அப்புறம் கண் விளிம்பு, அலகு, கடைசியில் கால். முட்டைக் காலத்தில் கால் பளிச்சென்று மஞ்சளாக இருக்கும் பெட்டை சும்மா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

இந்தச் சோதனையை இறகு உதிரும் காலத்தில் செய்யாதீர்கள். அப்போது நல்ல பெட்டையும் முட்டையிடாது, பார்க்கவும் பரிதாபமாக இருக்கும். உண்மையில் நன்றாக முட்டையிடுபவை தாமதமாக உதிர்க்க ஆரம்பித்து, மளமளவென்று உதிர்த்து, சீக்கிரம் திரும்பும். எல்லோருக்கும் முன்னால் உதிர்க்க ஆரம்பித்து மாதக்கணக்கில் இழுப்பதுதான் அனுப்ப வேண்டியது. நாள் குறைந்து வெளிச்சம் போதாத காலத்திலும் முட்டை நிற்கும். அதை வைத்தும் தீர்ப்பு எழுத வேண்டாம்.

6. வெளியே அனுப்புவது

கூட்டமாக அனுப்புங்கள். நாளுக்கொன்றாக எடுத்தால் ஒவ்வொரு தடவையும் மிச்சக் கோழிகள் யார் பெரியவர் என்று மறுபடி சண்டை போட்டு முடிவு செய்யும். ஒரே இரவில் பத்தை எடுத்தால் சண்டை ஒரே தடவையோடு முடியும். காலத்தைப் பொறுத்தவரை, குஞ்சு பொரிக்கும் பருவம் முடிந்து, இளசுகள் தரம் தெரியும் வயதுக்கு வந்து, உங்கள் பகுதியின் கடுமையான பருவம் தொடங்குமுன் முடித்துவிடுங்கள்.

வாங்குபவரிடம் கோழியோடு ஒரு தாளும் போகட்டும். வளைய எண், பொரித்த தேதி, பெற்றோர், தடுப்பூசி விவரம், கடைசியாக மருந்து கொடுத்த தேதி. குறை இருந்தால் அதையும் எழுதுங்கள். "இனவிருத்திக்கு ஆகாது, முட்டைக்கு மட்டும்" என்று எழுதிக் கொடுத்தால் விலை குறையும். எழுதாமல் கொடுத்தால் அந்தக் குறை உங்கள் பெயரோடு சுற்றிவரும்.

கறிக்குப் போகிறவை என்றால் மருந்துக்குப் பிறகு காத்திருக்க வேண்டிய நாட்கள் லேபிளில் இருக்கும். குடற்புழு மருந்துக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் அது உண்டு. முட்டைக்குத் தனிக் கணக்கு. அந்த நாட்கள் முடியாமல் கொடுக்கவே கூடாது.

சளியடித்துக்கொண்டிருக்கும், மூச்சில் சத்தம் வரும் கோழியை யாருக்கும் விற்காதீர்கள், இனாமாகவும் கொடுக்காதீர்கள். மைக்கோபிளாஸ்மா போன்ற கிருமிகள் குணமான பிறகும் உடம்பில் தங்கும், முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். கால்நடை மருத்துவரைக் கேட்டு முடிவெடுங்கள். வேதனையில் இருப்பதற்கு விரைவான முடிவு கொடுப்பதும் வளர்ப்பவரின் வேலைதான்.

போன கோழி திரும்பி வரக் கூடாது. சந்தைக்கோ கண்காட்சிக்கோ கொண்டுபோய் விற்காமல் மீந்ததை நேராகக் கொட்டகைக்குள் விடுவதுதான் நோய் நுழையும் வழிகளிலேயே சுலபமானது. திரும்பியே ஆக வேண்டும் என்றால் 30 நாள் தனிக் கூண்டு, தனித் தண்ணீர்ப் பாத்திரம், கூட்டத்தைக் கவனித்த பிறகே அதைக் கவனிப்பது.

ஒன்று மட்டும் விலை பேசாமல் கொடுங்கள். ஒரு சேவல், இரண்டு பெட்டை, உங்கள் வம்சத்தின் நல்ல மூன்று. நம்பகமான இன்னொரு வளர்ப்பாளரிடம் இருக்கட்டும். உங்களிடம் கூட்டமே போனாலும் அந்த வம்சம் அங்கே இருக்கும், குஞ்சாகத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சின்னக் கூட்டத்துக்கு இதைவிடச் செலவு குறைந்த காப்பீடு கிடையாது.

7. மிச்சக் கூட்டத்தை ஓட்டுவது

மூன்று குடும்பத்துக்கும் அ, ஆ, இ என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டைக் குஞ்சு பிறந்த குடும்பத்திலேயே தங்கும். சேவல் இடம் மாறும். அ-வில் பிறந்த நல்ல சேவல் ஆ-வுக்கு, ஆ-வில் பிறந்தது இ-க்கு, இ-யில் பிறந்தது அ-வுக்கு. திசையை ஒருபோதும் மாற்றாதீர்கள். வெளியிலிருந்து எதுவும் கொண்டுவராமலே பல வருடம் இப்படி ஓட்டலாம்.

இரண்டு பெட்டையோடு ஒரு சேவலை வருடம் முழுக்க விட்டால் பெட்டைகளின் முதுகில் இறகு மிஞ்சாது. தேவையும் இல்லை. ஒருமுறை மிதித்த பிறகு பல நாள் வரை கருக்கூடிய முட்டை வரும். அடை வைக்கும் பருவத்தில் மட்டும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை விட்டு எடுத்தால் போதும். இதே காரணத்தால் சேவலை மாற்றினால் உடனே முட்டை சேர்க்காதீர்கள். பழைய சேவலின் கரு இரண்டு மூன்று வாரம் வரை வரலாம். மூன்று வாரம் முழுதாக விட்டுவிட்டு முட்டை சேருங்கள், இல்லாவிட்டால் நோட்டில் எழுதும் அப்பா பெயருக்கு அர்த்தமில்லை.

தனியாக இருக்கும் சேவலுக்கு முட்டைக்கோழித் தீவனம் வேண்டாம். அதில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். முட்டையிடாத உடம்புக்கு அது சிறுநீரகச் சுமை. வளர்பருவத் தீவனம் போடுங்கள். பெட்டைக்குத் தேவையான கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

பொரிப்பு குறைந்து புது ரத்தம் தேவை என்று தோன்றினால், வெளிச்சேவலை 30 நாள் தனியே வைத்துவிட்டு ஒரே ஒரு குடும்பத்தில் மட்டும் விடுங்கள். குஞ்சுகள் வளர்ந்து எப்படி வருகின்றன என்று பார்த்த பிறகே மற்றதைத் தொட வேண்டும். மூன்றிலும் ஒரே வருடம் கலந்துவிட்டால் பழைய வம்சத்துக்குத் திரும்பிப் போக இடமில்லை.

8. அடுத்த அடை வைக்குமுன்

கூட்டம் மறுபடி பெருகுவது இங்கேதான். இன்குபேட்டரில் இடம் இருக்கிறது என்பதற்காக முட்டையை நிரப்பாதீர்கள். பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். அடுத்த வருடத்துக்கு 6 பெட்டை மாற்ற வேண்டும் என்றால், தேர்ந்தெடுக்க 12 பெட்டையாவது வேண்டும். அதற்கு 24 குஞ்சு. பத்துக்கு ஆறு பொரிக்கும் என்று வைத்தால் 40 முட்டை. இதில் 12 சேவல் வரும், உங்களுக்குத் தேவை 3 அல்லது 4. மிச்சம் எட்டோ ஒன்பதோ 12 வாரத்தில் யாரிடம் போகும் என்பதை அடை வைக்கும் தேதிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். எழுத ஆள் இல்லை என்றால் முட்டையைக் குறையுங்கள்.

சேர்க்கும் முட்டை 15 முதல் 18 டிகிரி குளிர்ச்சியில், ஒரு வாரத்துக்கு மேல் பழசாகாமல் இருக்கட்டும். மூன்று குடும்பத்து முட்டையிலும் பென்சிலால் அ, ஆ, இ எழுதுங்கள். 18-ஆம் நாள் புரட்டுவதை நிறுத்தும்போது ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனி வலைக் கூடையில் பிரித்து வையுங்கள். 21-ஆம் நாள் பொரித்த பிறகு எது யாருடையது என்று குஞ்சைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இன்குபேட்டரை நீங்கள் கட்டுப்படுத்தினாலும், புதருக்குள் ஒளிந்து அடை உட்காரும் பெட்டை உங்கள் கணக்கைக் கலைத்துவிடும். தினமும் முட்டை எடுங்கள். அடைக்கு உட்கார்ந்துவிட்டால் அடியில் காற்றோட்டமுள்ள கம்பித்தரைக் கூண்டில், தண்ணீரும் தீவனமும் வைத்து மூன்று நாலு நாள் விட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். தெளியாத பிடிவாதக்காரி என்றால் எப்படியும் 40 முட்டைக் கணக்கு இருக்கிறதே, அதில் பத்தை அவளுக்கே கொடுத்துவிடலாம், மின்சாரம் மிச்சம்.